அந்த ஓநாய் நடிக்கிறதா? குழந்தைக்கு மாயக்கதை சொல்லத் தொடங்குபவர்களுக்கு

என் மகளுக்கு நான்கு வயது நடக்கும்போது, காட்டு வழியே பாட்டியைப் பார்க்கப் போகும் சிவப்புத் தொப்பிக்காரியின் கதையை முதன்முதலாகச் சொன்னேன். ஓநாய் பாட்டியை விழுங்குவதெல்லாம் இந்த வயதில் எதற்கு என்று எனக்கு நானே தணிக்கை அதிகாரியாகி, ஓநாயை நல்லவனாக்கி, பாட்டிக்கு உடம்பு சரியாகும்வரை அது துணைக்கு இருந்தது என்று கதையை முடித்துவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "அந்த ஓநாய் நிஜமாவே நல்லதா, இல்ல நடிக்குதா?"

அன்றும் கேட்டாள், மறுநாளும் கேட்டாள், அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. பயத்தை எடுத்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன், ஆனால் நான் எடுத்தது பயத்தின் முடிவை. ஓநாயை யாரும் பிடிக்கவில்லை, அது பாட்டி வீட்டிலேயே சும்மா உட்கார்ந்திருந்தது. நான்காம் நாள் அசல் கதையைச் சொன்னேன். ஓநாய் பாட்டியையும் சிறுமியையும் விழுங்கியது, வேட்டைக்காரன் வந்தான், வயிற்றைக் கிழித்து இருவரையும் உயிரோடு வெளியே எடுத்தான், உள்ளே கல்லை நிரப்பினார்கள், ஓநாய் செத்தது. "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

அந்த மூன்று நாள் சொதப்பலை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மனநல நிபுணர் இல்லை. நிறையப் படித்து, நிறையக் கதை சொல்லி, அதில் பாதியைக் கெடுத்துக் கற்றுக்கொண்ட ஆள், அவ்வளவுதான்.

தொடங்கும் முன்: எது மாயக்கதை, அது என்ன செய்கிறது

நீதிக்கதையும் மாயக்கதையும் ஒன்றில்லை. நரி காக்காவை ஏமாற்றுவது நீதிக்கதை, ஒரு சம்பவம், ஒரு பாடம், முடிந்தது. மாயக்கதையில் ஒருவர் வீட்டை விட்டுப் போகிறார் அல்லது துரத்தப்படுகிறார், காட்டில் அலைகிறார், தன்னைவிடப் பெரிய ஒன்றோடு மோதுகிறார், எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வருகிறது, ஜெயிக்கிறார். விளாதிமிர் பிராப் என்ற ரஷ்ய அறிஞர் 1928இல் தன் நாட்டு மாயக்கதைகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்து, அவற்றில் நடப்பதையெல்லாம் 31 செயல்களுக்குள் அடக்கிவிடலாம் என்று காட்டினார். எல்லாக் கதையிலும் எல்லாமும் வராது, வருபவை ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். அந்த வரிசையில் முதலாவது என்ன தெரியுமா? வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போவது. குழந்தைக்கு எது பெரிய பயமோ அங்கேதான் கதை வாயைத் திறக்கிறது.

இரண்டு முதல் ஏழு வயதுவரையிலான பருவத்தைப் பற்றி நிறைய எழுதிய உளவியலாளர் ழான் பியாஜே, இந்த வயதுக் குழந்தை உயிரில்லாத பொருளுக்கும் உயிரும் எண்ணமும் உண்டு என்று எடுத்துக்கொள்வதைக் கவனித்தார். மேசையில் இடித்துக்கொண்டால் மேசையை அடிக்கும் பிள்ளையை நாமும் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்டவரிடம் கண்ணாடி பேசியது என்றால் அவர் ஏன் ஆச்சரியப்படப் போகிறார்? மாயக்கதை அவருடைய மொழியிலேயே பேசுகிறது. நாம்தான் வெளியூர்க்காரர்கள்.

அதோடு, கதை ஒரு தூரத்தைத் தருகிறது. "ஒரே ஒரு ஊரிலே" என்றதும் அது நம் ஊர் இல்லை என்று தெரிந்துவிடுகிறது, அரக்கனின் உயிர் ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கிறது என்றால் அவன் நம் கட்டிலுக்கு அடியில் இல்லை. ஆளுக்குப் பெயர்கூடக் கிடையாது, ராஜா, இளவரசி, கடைசித் தம்பி, அவ்வளவுதான். அந்த வெற்றிடத்தில் குழந்தை தன்னை வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளலாம். தம்பி பிறந்ததில் இருந்து உள்ளே கொதிக்கும் பொறாமையை "எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்று சொல்ல ஐந்து வயதுக்காரிக்கு வார்த்தை வராது. ஆனால் சிண்டரெல்லாவுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி அவள் ஒரு மணி நேரம் பேசுவாள்.

இந்த இடத்தில் புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளரின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது, கொஞ்சம் படித்தாலே அவர் எதிர்ப்படுவார். மாயக்கதைகளின் பயன் பற்றி 1976இல் அவர் எழுதிய நூல்தான் இந்தப் பேச்சையெல்லாம் பெரிதாகக் கிளப்பிவிட்டது. அம்மாவின் மேல் வரும் கோபத்தைத் தாங்க முடியாத குழந்தை, அம்மாவை நல்ல தாய், கெட்ட மாற்றாந்தாய் என இரண்டாகப் பிரித்துக்கொள்ளக் கதை உதவுகிறது என்றார். அழகான யோசனை, எனக்குப் பிடிக்கும். ஆனால் அது அடிமனதின் ஆசைகளையும் பயங்களையும் வைத்து விளக்கிய பிராய்டின் வழியில் வந்த விளக்கமே தவிர, சோதித்து நிறுவப்பட்டது இல்லை. 1990இல் அவர் இறந்த பிறகு, அவர் நடத்திய பள்ளியில் பிள்ளைகளை நடத்திய விதம் பற்றியும், நூலில் பிறர் எழுத்தை எடுத்தாண்டது பற்றியும் கடுமையான குற்றச்சாட்டுகள் வந்தன. ஆகவே "இந்தக் கதை இந்த நோய்க்கு" என்று யாராவது பட்டியல் கொடுத்தால் ஒரு அடி தள்ளியே நில்லுங்கள்.

படி 1. வயதைப் பாருங்கள், ஆனால் குழந்தையை இன்னும் நன்றாகப் பாருங்கள்

இரண்டு, இரண்டரை வயதில் மாயக்கதை வேண்டாம். அப்போது வேண்டியது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகும் கதை. தாத்தா பெரிய கிழங்கை இழுத்தார், வரவில்லை, பாட்டி தாத்தாவைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை, பேத்தி, நாய், பூனை, கடைசியில் எலி. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அந்த வயதின் சந்தோஷம்.

மூன்று வயதில் ஆபத்து வரலாம், சின்னதாக, சீக்கிரம் தோற்றுப்போகிற ஆபத்தாக. மூன்று பன்றிக்குட்டிகள், பாலத்தின் அடியில் இருக்கும் பூதத்தை ஏமாற்றும் மூன்று ஆடுகள் மாதிரி. ஓநாய் வேடம் போடுவது, சூனியக்காரி கூண்டில் அடைப்பது எல்லாம் நான்கு, நான்கரைக்கு மேல். ஆறு, ஏழு வயதில் நீளமான, பல நாள் நடக்கும் கதைகளைத் தாராளமாகச் சொல்லலாம்.

ஏன் நான்கு? ஒரு காரணம் இருக்கிறது. 1983இல் ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிக் கதையை வைத்துக் குழந்தைகளைச் சோதித்தார்கள். ஒரு பையன் இனிப்பை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் இனிப்பு இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். அவனுக்குத் தெரியாது, அவன் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது நான்கு வயதைத் தாண்டித்தான் பிடிபடத் தொடங்கியது.

இதை இப்போது ஓநாயிடம் கொண்டுவாருங்கள். பாட்டியின் போர்வைக்குள் ஓநாய் படுத்திருக்கிறது, சிறுமி கதவைத் திறக்கிறாள். அந்த நொடியில் "போகாத, அது ஓநாய்!" என்று உங்கள் குழந்தை கத்தினால், எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்று அது புரிந்துகொண்டுவிட்டது. இன்னொருவர் மனதுக்குள் எட்டிப்பார்ப்பது இப்படித்தான் பழகுகிறது. வேண்டுமானால் சாதாரணமாக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், "படுத்திருப்பது யார் என்று அவள் நினைக்கிறாள்?" என்று. "ஓநாய்" என்று பதில் வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. திருத்த வேண்டாம், அந்தக் கதையைச் சில மாதம் தள்ளி வையுங்கள்.

வயதைவிடவும் முக்கியம், இப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்பது. சமீபத்தில் ஒரு சாவு, பிரிவு, மருத்துவமனை வாசம் என்று ஏதாவது இருந்தால், பெற்றோர் காணாமல் போகும் கதைகளைக் கொஞ்ச காலம் நீங்களாக எடுக்காதீர்கள். குழந்தையே கேட்டால் சொல்லுங்கள்.

படி 2. எந்த வடிவம் என்று முதலில் நீங்கள் படியுங்கள்

இதைத் தவிர்த்தால் நடு ராத்திரியில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே பெயரில் வெவ்வேறு கதைகள் உலவுகின்றன. பிரான்சில் ஷார்ல் பெரோ 1697இல் அச்சிட்ட சிவப்புத் தொப்பிக்காரி கதையில் காப்பாற்ற யாரும் வருவதில்லை, ஓநாய் சிறுமியையும் விழுங்கிவிடுகிறது, கதை அங்கேயே முடிகிறது. வேட்டைக்காரன் வருவது, ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 தொகுப்பில். என் அனுபவத்தில் சின்னப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் சரி.

கிரிம் சகோதரர்களும் அப்படியே வைத்துக்கொண்டு இருக்கவில்லை. 1812 பதிப்பில் வெண்பனிச் சிறுமியை (ஸ்னோ ஒயிட்) கொல்லச் சொல்பவள் சொந்தத் தாய், 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். ஹான்சல், கிரெட்டல் என்ற அண்ணன் தங்கையைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லும் தாயும் 1840 பதிப்பில் அப்படியே மாறினாள். 1825இல் குழந்தைகளுக்கென்று 50 கதைகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனியாக ஒரு சிறு பதிப்பும் போட்டார்கள். ஆகவே பொறுக்குவதில், சொல்லை மாற்றுவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆபத்தை அழிக்காதீர்கள், அதன் முடிவை அழிக்காதீர்கள், மற்றபடி உங்கள் கையில்தான் இருக்கிறது.

தமிழில் சொல்பவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மாற்றாந்தாயைச் சித்தி என்று சொல்லிப் பழகிவிட்டோம், பழைய மொழிபெயர்ப்புகளிலும் "கொடுமைக்காரச் சித்தி" வருவாள். அம்மாவின் தங்கையையும் அதே வார்த்தையால் கூப்பிடும் குழந்தைக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஆசையாக வந்து தூக்கிய சித்தியைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டதை நேரில் பார்த்த பிறகு, நான் "பொல்லாத ராணி" என்றுதான் சொல்கிறேன். நிஜமாகவே அப்பாவின் இரண்டாவது மனைவியோடு வளரும் குழந்தை என்றால் இன்னும் கவனம். அந்த உறவையே கதையில் எடுத்துவிட்டு வெறும் சூனியக்காரியாக வைத்தாலும் கதை நிற்கும்.

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கதைகளை இந்தக் கூடையில் போடாதீர்கள். அவர் மக்களிடம் கேட்டதைவிடத் தானே கற்பனை செய்து எழுதியதுதான் அதிகம், பல துயரமாக முடியும். 1845இல் அவர் எழுதிய தீக்குச்சி விற்கும் சிறுமி குளிரில் விறைத்துச் சாகிறாள். அருமையான கதை, எட்டு வயதுக்கு மேல் பகலில் சேர்ந்து படிக்கலாம், தூங்கும் நேரத்துக்கு அது வேண்டாம்.

படி 3. நேரம், இடம், முதல் வாக்கியம்

பத்து நிமிடம் போதும். அலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். தினமும் ஒரே நேரம் என்றால் நல்லது, முடியாவிட்டால் பரவாயில்லை.

முதல் வாக்கியத்தை மட்டும் மாற்றாதீர்கள். "கதை கதையாம் காரணமாம்" என்று தொடங்கினாலும் சரி, "ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு ராஜாவாம்" என்றாலும் சரி, தினமும் அதே சொற்களாக இருக்கட்டும். அது ஒரு கதவு. அதேபோல் முடிவுக்கும் ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள், கதவைச் சாத்தியது தெரிய வேண்டும். அந்த "ஆம்" விகுதியை விட்டுவிடாதீர்கள். இருந்தாராம், போனாளாம், பேசிச்சாம் என்று சொல்லும்போதே "நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன்" என்ற சேதி போய்விடுகிறது. இது நிஜம் இல்லை என்று தனியாக அறிவிக்க வேண்டிய வேலையை ஒரு விகுதி செய்துவிடுகிறது, இந்த வசதி எல்லா மொழிக்கும் இல்லை.

குழந்தை "ம்" கொட்டட்டும். ம் நின்றால் தூங்கிவிட்டது அல்லது எதையோ யோசிக்கிறது. இரண்டுக்கும் நீங்கள் நிறுத்த வேண்டும்.

படி 4. சொல்லும் விதம்

புத்தகத்தைப் பார்த்துப் படிக்கலாம், வாயால் சொல்லலாம், இரண்டும் நல்லதே. வாயால் சொல்ல மனப்பாடம் தேவையில்லை, நான்கு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். யாருக்கு என்ன குறை? எங்கே போகிறார்? மூன்று தடவை என்ன நடக்கிறது? எப்படித் தீர்கிறது? மற்றதெல்லாம் சொல்லும்போது தானாக வரும்.

நடிப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஓநாய்க்குக் கட்டைக் குரல் கொடுக்கலாம், குழந்தையின் மேல் பாய்ந்து காட்ட வேண்டாம். மாயக்கதையின் நல்ல குணம் ஒன்று, கொடூரத்தை அது வர்ணிப்பதில்லை. "விழுங்கியது" என்ற ஒரு சொல்லோடு நகர்ந்துவிடும், ரத்தம் இல்லை, வலி இல்லை. நீங்களும் அப்படியே நகருங்கள். பற்களை எவ்வளவு பெரிதாகக் கற்பனை செய்துகொள்வது என்பதைக் குழந்தை தன் தெம்புக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளும். திரையில் பார்க்கும்போது இந்த வசதி இல்லை, யாரோ வரைந்த பல்லைத்தான் பார்த்தாக வேண்டும். அதனாலேயே கதையைக் கேட்ட பிறகு படம் பார்ப்பதை நான் ஒத்துக்கொள்வேன், முதலில் படம் என்பதை மாட்டேன்.

தண்டனைக் காட்சியில் பெரியவர்கள்தான் நெளிகிறோம். ஹான்சல், கிரெட்டல் கதையின் சூனியக்காரி அடுப்புக்குள் போக வேண்டும் என்பதில் குழந்தைக்குச் சந்தேகமே கிடையாது. தப்பு செய்தால் தண்டனை தானாகவே வந்து சேரும் என்ற நம்பிக்கை சின்னப் பிள்ளைகளிடம் எவ்வளவு வலுவானது என்பதைப் பியாஜே 1932இலேயே எழுதியிருக்கிறார். இருந்தாலும் உங்களுக்குக் கூசினால், "அதற்கப்புறம் அவள் யாருக்கும் தொந்தரவு கொடுக்க வரவே இல்லை" என்று முடிக்கலாம். வரவே இல்லை என்பது மட்டும் கட்டாயம்.

படி 5. பயந்துவிட்டால்

பயப்படத்தான் செய்வார்கள், கொஞ்சம் பயப்படத்தான் கேட்கிறார்கள். பால் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1991இல் ஒரு வேடிக்கையான ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஒரு வெறும் பெட்டியைக் காட்டி, அதற்குள் ஒரு பூதம் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள், வேறு சிலருக்கு முயல். நிஜமாக உள்ளே இருக்கிறதா என்று கேட்டால் இல்லை, சும்மா நினைத்துக்கொண்டதுதான் என்று தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் பெரியவர் அறையைவிட்டுப் போகப் பார்த்ததும், பூதத்தை நினைத்துக்கொண்ட சின்னவர்களில் சிலர் போக வேண்டாம் என்றார்கள். அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. நமக்கும் அப்படித்தானே, பேய்ப்படம் பார்த்துவிட்டு ராத்திரி குளியலறை விளக்கைப் போடாமல் போகிறோமா என்ன?

அதனால் "சும்மா கதைதானே, இதுக்குப் போயா பயப்படறது" என்று சொல்லாதீர்கள். அது குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், தெரியாததுபோல் நீங்கள் பேசினால் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும். பக்கத்தில் நெருங்கிப் படுங்கள், குரலைத் தணியுங்கள், வேகமாக முடிவுக்குப் போங்கள். நடுவில் நிறுத்திவிட்டு "மீதி நாளைக்கு" என்பது எல்லாவற்றையும்விட மோசம், ஓநாய் ராத்திரி முழுவதும் வயிறு நிறைய உட்கார்ந்திருக்கும். குழந்தையே நிறுத்து என்றால், "வேட்டைக்காரன் வந்து காப்பாத்திட்டான், எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று ஒரே வரியில் மூடிவிட்டு நிறுத்துங்கள்.

மறுநாள் பகலில் அந்தக் குழந்தை ஓநாயாக உங்களைத் துரத்தினால் சந்தோஷமாக ஓடுங்கள். நேற்று தன்னைப் பயமுறுத்தியதை இன்று தானே ஆகிப் பார்க்கிறது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று எழுதினார், ஓநாயாக நான்கு காலில் தவழும்போதும் அது பொருந்தும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூச்சாண்டியை வேலைக்கு வைக்காதீர்கள். "சாப்பிடாட்டா பூச்சாண்டி புடிச்சிட்டுப் போயிடுவான்", "தூங்கலேன்னா அந்தச் சூனியக்காரி வருவா" என்பது கதை இல்லை, மிரட்டல். கதைக்குள் இருக்கும் சூனியக்காரிக்கு ஒரு எல்லை இருக்கிறது, தொடக்கமும் முடிவும் இருக்கிறது, அவளைத் தோற்கடிக்கும் ஆள் இருக்கிறது. நீங்கள் ஏவிவிடும் பூச்சாண்டிக்கு எதுவுமே இல்லை, அவன் வாசலிலேயே நிற்கிறான், அதுவும் உங்கள் ஆளாக. ஒரு தடவை கதாபாத்திரத்தை அப்படி வெளியே கூட்டிவந்துவிட்டால் அந்தக் கதையைத் திரும்பச் சொல்ல முடியாது.

படி 6. கதை முடிந்ததும் வாயை மூடிக்கொள்ளுங்கள்

எனக்கு இன்றுவரை கஷ்டமான படி இதுதான். "பார்த்தியா, அம்மா பேச்சைக் கேட்காம போனதாலதானே" என்று நாக்கு நுனியில் வந்து நிற்கும்.

சொன்னால் பலன் இருக்கிறதா என்றால், அதுவும் சந்தேகமே. காங் லீ என்ற உளவியலாளரின் குழுவினர் மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தி 2014இல் வெளியிட்டார்கள். சிலருக்குப் பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மையின் கதை, சிலருக்குப் புலி வருது என்று ஏமாற்றியவன் கதை மாதிரியான ஓநாய்க் கதை, சிலருக்குச் செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கிய சிறுவன் வாஷிங்டனின் கதை. பொய்யனுக்குத் தண்டனை கிடைத்த முதல் இரண்டு கதைகளும் உண்மை பேச வைக்கவில்லை. ஒப்புக்கொண்டவனுக்குப் பாராட்டு கிடைத்த கதையைக் கேட்டவர்களே அதிகம் உண்மையைச் சொன்னார்கள். அந்தக் கதையையும் கெட்ட முடிவாக மாற்றிச் சொன்னபோது அதன் பலனும் போய்விட்டது. லீயும் பங்கெடுத்த இன்னொரு ஆய்வில், பகிர்ந்துகொள்ளும் மிருகங்களின் கதையைக் கேட்டவர்களைவிட, பகிர்ந்துகொள்ளும் மனிதர்களின் கதையைக் கேட்ட குழந்தைகள்தான் பிறகு தங்களிடம் இருந்ததைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் சாதாரணக் குழந்தையைப் பற்றிச் சாதாரணக் கதை ஒன்றைச் சொல்லுங்கள், நல்லதாக முடியுங்கள். மாயக்கதையை அந்த வேலைக்கு இழுக்காதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. வேட்டைக்காரன் வந்துவிட்டான் என்ற நிம்மதியோடு கிடக்கும் குழந்தையிடம் "நீயும் அப்படித்தானே பண்ணுவே" என்றால், அதுவரை ஓநாயைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை இப்போது உங்களைப் பார்க்கும்.

குழந்தை தானாகக் கேட்டால் பதில் சொல்லுங்கள், சுருக்கமாக. "நீ என்ன நினைக்கிறே?" என்பதும் ஒரு பதில்.

படி 7. அதே கதை, மறுபடியும், மறுபடியும்

முப்பதாவது தடவையாக அதே கதையா என்று உங்களுக்குச் சலிக்கும். குழந்தைக்குச் சலிக்காது. 2011இல் ஜெசிகா ஹார்ஸ்ட் முதலானோர் செய்த ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், அதே புதுச்சொற்கள் வரும் வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிட அந்தச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அடுத்து என்ன என்ற கவலை இல்லாதபோது கவனம் வேறு இடங்களுக்குப் போக முடிகிறது.

சொல்லைத் தாண்டியும் ஏதோ நடக்கிறது என்பது என் எண்ணம். எந்தக் கதையை, எந்த இடத்தை மறுபடியும் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். காட்டில் வழி தவறும் இடத்தையே கேட்கிறார்களா, அண்ணனைத் தங்கை காப்பாற்றும் இடத்தையா? கவனித்துவிட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள், துப்பறிய வேண்டாம், கேள்வி கேட்டுக் குடைய வேண்டாம். ஒருநாள் திடீரென்று அந்தக் கதை வேண்டாம் என்பார்கள். அது அதோடு முடிந்தது.

படி 8. பகலில் பேசுங்கள்

ராத்திரி மௌனம் என்றேனே தவிர, பேசவே கூடாது என்று சொல்லவில்லை. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோருக்குச் சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். படித்துக்கொண்டே போகாமல் திறந்த கேள்வி கேட்பது, குழந்தை சொல்வதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது.

"ஓநாய் எங்கே போனது?" என்பது பரீட்சைக் கேள்வி. "அவ ஏன் கதவைத் திறந்தா?" என்பது பேச்சு. பாட்டியின் பக்கத்திலிருந்து கதையைச் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம், வரையச் சொல்லலாம், பொம்மைகளை வைத்து நடத்தலாம். ஐந்து வயதுக்கு மேல் "இந்த இடத்தில வேற என்ன பண்ணியிருக்கலாம்?" என்று கேட்டால் சமயத்தில் பிரமாதமான யோசனைகள் வரும்.

இளவரசி தூங்கிக்கொண்டே இருப்பாள், இளவரசன் வந்து எழுப்புவான், அழகாக இருப்பவர் நல்லவர், கூன் விழுந்தவள் கெட்டவள், இதெல்லாம் பிள்ளை மனதில் பதியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பதியும், நியாயமான கவலை. தடை செய்வதைவிடச் சேர்ப்பது எளிது. சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளி அண்ணனைக் காப்பாற்றுபவள் கிரெட்டல்தான், அதை அழுத்திச் சொல்லுங்கள். புத்தியால் ஜெயிக்கும் பெண்கள் வரும் நாட்டுப்புறக் கதைகள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன, தேடிப் பிடியுங்கள். நிறத்தையும் உடலையும் பற்றிய அடைமொழிகளைச் சொல்லாமல் விட்டால் எந்தக் கதையும் நொண்டாது.

கதை மருந்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெட்ட கனவு வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, விட்டுப்போன பழக்கங்கள் திரும்பி வந்தாலோ, விளையாடுவதையே நிறுத்திவிட்டாலோ, குழந்தைகள் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். கதையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கடைசியாக என்னிடம் கேட்பது, சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதை மறந்துவிட்டால் என்ன செய்வது என்பது. ஒன்றும் செய்ய வேண்டாம். "அப்புறம் என்னாச்சு?" என்று குழந்தையிடமே கேளுங்கள். இரண்டாவது தடவை கேட்கும் கதை என்றால் உங்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் நான் தூக்கக் கலக்கத்தில் வெண்பனிச் சிறுமியின் வீட்டில் ஆறு குள்ளர்கள் என்று சொல்லிவிட்டேன். என் மகள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, ஏழாவது ஆள் எங்கே போனான் என்று கேட்டு, அவன் சுரங்கத்திலிருந்து கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி, காலைக் கழுவிவிட்டு, உள்ளே வந்து சேரும்வரை கதையை ஒரு அடிகூட நகர விடவில்லை.